வேலையை மாற்றுவதா, செய்யும் விதத்தை மாற்றுவதா?

கம்பத்திலிருந்து விடியற்காலையில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்கள் நம் பக்கம் நிறைய. கூலி போதவில்லை, மரியாதை இல்லை என்றால் வேறு வேலைக்குக் கிளம்புவதுதான் சரி. வெறும் சலிப்பு என்றால், புது வேலையிலும் அது கொஞ்ச நாளில் வந்துவிடும்.

அதனால் செய்யும் விதத்தை மாற்றிப் பார்ப்பதுதான் எனக்கு முதலில். மனிதர்கள் தங்கள் வேலையை எப்படிப் பார்க்கிறார்கள் என்று ஆராய்ந்த ஏமி ரெஸ்னெஸ்கியும் ஜேன் டட்டனும் 2001-ல் எழுதிய கட்டுரையில் ஆஸ்பத்திரி துப்புரவுப் பணியாளர்கள் வருகிறார்கள்: சிலர் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ள, சிலர் நோயாளிகளிடம் பேசி, அவர்கள் குணமாவதில் தங்களுக்கும் பங்கு இருப்பதாக நினைத்தார்கள். தோட்டத்தில் பதமான ஏலக்காயை மட்டும் பார்த்தெடுக்கும் கைப்பக்குவத்தைப் புதிதாக வந்த பெண்ணுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அப்படித்தான். ஆனால் கூலிக் குறைவை இது ஈடுகட்டாது, உரிய கூலியைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.