பழைய ஃபைபர் படகுக்கு 15 குதிரைத்திறன் இன்ஜின்: டூ-ஸ்ட்ரோக்கா, ஃபோர்-ஸ்ட்ரோக்கா?

முதலில் இன்ஜின் தொங்கும் பின்பலகையைத் தட்டிப் பாருங்கள். சத்தம் மந்தமாக வந்தால் உள்ளே பிளைவுட் ஊறியிருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் எந்த இன்ஜினும் வேண்டாம். பலகையின் உயரம் 15 அங்குலமா 20 அங்குலமா என்று அளந்து, அதற்கேற்ற நீளத்தில் ஷாஃப்ட் (இன்ஜினிலிருந்து புரொப்பெல்லர் வரை இறங்கும் தண்டு) உள்ள இன்ஜின் வாங்குங்கள். ஷாஃப்ட் குட்டையானால் புரொப்பெல்லர் காற்றை இழுத்து வெறுமனே சுற்றும்.

டூ-ஸ்ட்ரோக் சுமார் 40 கிலோ, ஃபோர்-ஸ்ட்ரோக் 50 கிலோவைத் தொடும். பழைய படகில் அந்தப் பத்து கிலோவே பின்பக்கத்தை அமுக்கிவிடும். டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு ஆயிலைக் கலக்கணும்; 50:1 கலவை என்றால் பெட்ரோல் லிட்டருக்கு 20 மில்லி ஆயில். ஆயில் குறைந்தால் பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும், கூடினால் பிளக்கில் கரி. ரிப்பேர் எளிது, புகை அதிகம்.

தினமும் ஓட்டுபவருக்கு ஃபோர்-ஸ்ட்ரோக்தான், பெட்ரோல் மிச்சமாகும். ஆனால் 100 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றணும். கழற்றித் தவறான பக்கம் படுக்க வைத்தால் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கிவிடும்.