3 அங்குலக் குழலில் தற்காப்புத் தோட்டா: நெடுநாள் அனுபவம்

தோட்டாப் பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தைப் பார்த்து வாங்காதீர்கள், அது உங்கள் துப்பாக்கியின் வேகம் இல்லை. 9 மி.மீ.க்குப் பெரும்பாலும் 4 அங்குலச் சோதனைக் குழலில் எடுத்த எண்ணைத்தான் போடுகிறார்கள். இங்கே டெக்சாஸில் நான் வெளியே போகும்போது இடுப்பில் இருப்பது சிக் பி365 என்ற சின்ன 9 மி.மீ. கைத்துப்பாக்கி, அதன் குழல் 3.1 அங்குலம்தான். வீட்டில் க்ளாக் 19, அதுவும் 9 மி.மீ., குழல் 4.02 அங்குலம். அப்புறம் 1.875 அங்குலக் குழலோடு ஒரு .38 ரிவால்வர். முதல் இரண்டிலும் ஒரே 9 மி.மீ. தோட்டாக்களையும், ரிவால்வரில் .38 தோட்டாக்களையும் குண்டின் வேகத்தை அளக்கும் க்ரோனோகிராஃப் முன்னால் சுட்டுப் பார்ப்பதைச் சில வருடங்களாகவே செய்து வருகிறேன்.

ஸ்பியர் கோல்ட் டாட் 124 கிரெய்ன் (குண்டின் எடை) பிளஸ் பி (வழக்கத்தைவிட அழுத்தம் கூடிய தோட்டா) பெட்டியில் நொடிக்கு 1,220 அடி என்று இருக்கும். க்ளாக்கில் அதை ஒட்டியே வருகிறது, பி365-இல் ஐம்பது அறுபது அடி குறைகிறது. ஃபெடரல் ஹெச்எஸ்டி 147 கிரெய்னுக்குப் பெட்டி எண்ணே 1,000 அடிதான், அதிலும் கிட்டத்தட்ட அதே அளவு இழப்பு. இந்த ஐம்பது அடியைப் பெரிதுபடுத்திப் பேசுகிறவர்கள் நிறைய, ஆனால் பார்க்க வேண்டியது அந்த வேகத்தில் ஹாலோ பாயிண்ட் குண்டின், அதாவது முனையில் குழி உள்ள குண்டின், வாய் விரிகிறதா என்பதைத்தான்.

நிறையப் பேர் தலைகீழாகப் புரிந்துகொள்வது இங்கேதான். வேகம் குறைந்தால் குண்டு குறைவான ஆழம்தான் போகும் என்று நினைக்கிறார்கள். ஆனால் வேகம் போதாமல் ஹாலோ பாயிண்ட் விரியாமல் போனால், சாதாரணக் குண்டு மாதிரி ஜெல்லை (உடல் தசைக்குப் பதிலாகச் சோதனைக்கு வைக்கும் கட்டியை) துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும், பின்னால் நிற்கிறவருக்கு ஆபத்து. நான்கு அடுக்கு ஜீன்ஸ் துணியை முன்னால் கட்டி அந்தச் சின்ன ரிவால்வரில் ஒரு இலகுவான .38 தோட்டாவைச் சுட்டேன். ஜெல்லுக்குப் பின்னால் இருந்த தண்ணீர்க் குடத்திலிருந்து எடுத்த குண்டின் வாயில் நீலநூல் இறுக அடைத்துக்கிடந்தது, விளிம்பு துளிகூட மடங்கவில்லை. ரிவால்வரில் குழல் குட்டை என்பது மட்டும் இல்லை, சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளியிலும் வாயு கசிகிறது. அதனால் அதில் இப்போது 2 அங்குலக் குழலுக்கென்றே செய்த கோல்ட் டாட் 135 கிரெய்ன்தான் போடுகிறேன், அதன் பெட்டியில் இருக்கும் 860 அடி என்ற எண் நேர்மையானது. உதை தாங்காதவர்களுக்கு 148 கிரெய்ன் வாட்கட்டர் போதும், தட்டையான முகம், விரிவதை நம்பியே இல்லை.

அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ கேட்பது, குண்டு ஜெல்லில் 12 முதல் 18 அங்குல ஆழம் போக வேண்டும் என்பது. 1986 ஏப்ரலில் மயாமியில் நடந்த மோதலில் இரண்டு எஃப்பிஐ ஏஜென்ட்கள் இறந்தார்கள். கொலையாளி பிளாட்டின் கையைத் துளைத்து நெஞ்சுக்குள் போன 9 மி.மீ. குண்டு இதயத்துக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது, அவன் தொடர்ந்து சுட்டான். ஆழத்துக்கு அவர்கள் இவ்வளவு முக்கியத்துவம் கொடுப்பது அதனால்தான். பி365-இல் ஹெச்எஸ்டி 147 ஜீன்ஸைத் தாண்டியும் ஒழுங்காக விரிந்து இந்த அளவுக்குள் நின்றது, குட்டைக் குழலுக்கு என் தேர்வு அதுதான். என்னிடம் இருப்பது கடையில் விற்கும் கண்ணாடி மாதிரியான செயற்கை ஜெல், எஃப்பிஐ பயன்படுத்தும் 10 சதவீத ஜெலட்டின் இல்லை, ஆகவே ஆழ எண்களை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நாள்கணக்கில் சுமந்தால்தான் தெரியும். தினமும் தோட்டாவைத் துப்பாக்கியின் சுடும் அறையிலிருந்து எடுத்து மறுபடி ஏற்றினால், குண்டின் மூக்கு அறைவாயில் உள்ள சரிவில் இடித்து இடித்துக் குண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தோட்டாவின் உறைக்குள் அமுங்கும். உள்ளே இடம் குறைந்தால் அழுத்தம் எகிறும், பிளஸ் பி-யில் அது விளையாட்டு இல்லை. மேகசினில் மேலே இருக்கும் தோட்டாவைப் புதுத் தோட்டாவின் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள், உயரம் கண்ணுக்கே குறைந்து தெரிந்தால் அதைச் சுடவே வேண்டாம்.