அறைக்கு அறை குளியலறையா, தளத்துக்கு ஒரு தொகுதியா?

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் எங்கள் கல்லூரியில் மாணவியர் விடுதி புதிதாகக் கட்டியபோது கட்டடக் குழுவில் நானும் இருந்தேன். மூன்று தளம், 48 அறை, அறைக்கு மூன்று பேர். மற்றதெல்லாம் சீக்கிரம் முடிவானது. குளியலறையை அறைக்குள்ளேயே வைப்பதா, தளத்துக்கு ஒரு பொதுத் தொகுதி கட்டுவதா என்பதுதான் மாதக்கணக்கில் இழுத்தது. கடைசியில் பொதுத் தொகுதி கட்டினோம். இன்று கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

அட்டாச்டு பாத்ரூமின் வசதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். ராத்திரி வராந்தாவில் நடக்க வேண்டாம், காலையில் வரிசையில் நிற்க வேண்டாம். சேர்க்கைக்கு வரும் பெற்றோர் முதலில் கேட்பதும் அதையே. கட்டும் செலவு பொதுத் தொகுதிக்குத்தான் குறைவு. சரி, அதை விடுங்கள்.

என் மனதை மாற்றியது பராமரிப்பு. எங்கள் பழைய விடுதியில் அறைக்கு அறை குளியலறை. அதன் தரையை ஓரடிக்கு மேல் தாழ்த்தி, பள்ளத்தில் குழாய் பதித்து, செங்கல் ஜல்லி நிரப்பி, மேலே டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். ஓர் இணைப்பு விட்டாலும் தண்ணீர் பள்ளத்துக்குள்ளேயே தேங்கும். நம் கண்ணுக்குத் தெரியும்போது கீழறைச் சுவர் உப்பிப் பெயிண்ட் உரிந்திருக்கும். எங்கே கசிகிறது என்று பார்க்க டைல்ஸை உடைக்க வேண்டும். நம் மாவட்டத்தில் ஜூனில் தென்மேற்கு மழை, அது ஓய்ந்ததும் அக்டோபரில் வடகிழக்கு. ஓதம் பிடித்த சுவர் காய நாளே கிடைக்காது. அந்தச் சுவரை ஒட்டித்தான் ஒரு பிள்ளையின் அலமாரி, நோட்டெல்லாம் பூஞ்சை. பிளம்பரைக் கூப்பிட்டால் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். வார்டன் சாவியோடு அறை அறையாகக் கூடவே போக வேண்டும்.

புதிய கட்டடத்தில் ஆறு பேருக்கு ஒன்று என்று தளத்துக்கு 8 கழிவறை, 8 குளியலறை. எல்லாம் மேற்குக் கோடியில், ஒன்றின் மேல் ஒன்றாக. பிற்பகல் வெயில் நேராக விழுந்து தரையைக் காய வைக்கிறது. சாரலும் அதே பக்கம் அடிக்கும் என்பதால் சன்ஷேடை அகலமாக நீட்டினோம். பள்ளம் கிடையாது; குழாய்களை ஸ்லாபுக்கு அடியில் தொங்கவிட்டோம். கசிந்தால் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாலே தெரியும், சொட்டுவதும் இன்னொரு குளியலறையில்தான். யார் படுக்கையும் நனையாது. பிளம்பர் எந்த அறைக்குள்ளும் போக வேண்டியதில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் பார்த்தது இரண்டு வருட மழைதான்; பத்து வருடம் கழித்தும் இப்படியே இருக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். கால் முடியாத பிள்ளைகளுக்காகத் தரைத்தளத்தில் இரண்டு அறைகளுக்கு மட்டும் உள்ளேயே குளியலறை வைத்தோம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. தேர்வு நாள் காலை ஏழு மணிக்கு வரிசை நிற்கத்தான் செய்கிறது. இனி ஒரு தளம் எழுப்பினால் 8 குளியலறைக்குப் பதில் 10 கேட்பேன்.