டெல்லி – சான் பிரான்சிஸ்கோ: கிட்டக்க உள்ள வழியா, சீக்கிரம் போகும் வழியா?

மயூர் விகாரில் எங்கள் மாடி வீட்டு மாமி, மகள் பிரசவத்துக்காக சான் பிரான்சிஸ்கோ போகிறார். டிக்கெட் பார்க்க உட்கார்ந்ததும் கேட்டார்: "எந்தப் பக்கமா போனா கிட்டக்க?"

என் பையனின் உலக உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்தோம். ஐரோப்பாப் பக்கமும் போகவில்லை, ஜப்பான் பக்கமும் போகவில்லை. நேரே வடக்கே ஏறி, சைபீரியா, ஆர்க்டிக் கடல், அலாஸ்கா என்று இறங்கியது நூல். சுமார் 12,400 கிலோமீட்டர். மாமிக்கு நம்பிக்கையே வரவில்லை.

ஆனால் விமானம் நூல் பிடித்தபடி பறப்பதில்லை. ஏர் இந்தியா 2015 டிசம்பரில் இந்த நேரடி விமானத்தைத் தொடங்கியபோது மேற்கே, அட்லாண்டிக் வழியாக விட்டது. ஏறத்தாழ 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் கிழக்கே திருப்பி, பசிபிக் வழியாகப் பறக்க வைத்தது. அது 15,300 கி.மீ. தூரம் 1,400 கி.மீ. கூடியும் பதினாலரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. அட்லாண்டிக் வழியைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மிச்சம்!

காரணம் காற்று. பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்றோட்டம், கிழக்கே போகிற விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானத்துக்கு 138 கி.மீ. பின்காற்று கிடைத்தால் தரைக்கணக்கில் 938. எதிரே 24 கி.மீ. காற்று அடித்தால் 776தான். குளிர்காலத்தில் இந்தக் காற்று இன்னும் பலமாக வீசும். நூலை மட்டும் பார்த்து டிக்கெட் எடுப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். திரும்பி வரும்போது பசிபிக் வழியில் அதே காற்று எதிரே நிற்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இடையில் இறங்கிப் போகும் வழிகளில் டோக்கியோதான் எனக்குப் பிடித்தது. இரண்டு பறப்பும் சேர்ந்து 14,100 கி.மீ.யை ஒட்டி வரும். போகிற திசையிலேயே ஊர் இருக்கிறது. துபாய், பிராங்க்பர்ட் இரண்டும் 15,200 சொச்சம். சிங்கப்பூர் 17,700ஐத் தொடும், பெரிய சுற்று. ஆனாலும் கைக்குழந்தையோடு போகிறவர்கள் அங்கே இறங்கிக் காலை நீட்டுவதைத் தப்பென்று சொல்லமாட்டேன். இந்த வழிகளில் காத்திருப்பு நேரம்தான் எமன்: காற்று மிச்சம் பிடித்துக் கொடுத்த இரண்டு மணியை ஒரே ஒரு நிறுத்தம் விழுங்கிவிடும்.

அமெரிக்காவுக்குள்ளேயே வேறு ஊரில் இறங்கி மாறுகிற டிக்கெட் மட்டும் பெரியவர்களுக்கு வேண்டாம். குடியேற்றச் சோதனை முதல் ஊரிலேயே நடக்கும். பெட்டியை அங்கே எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டும். எழுபது வயதில், ஆங்கிலம் தட்டுத் தடுமாறும்போது, அது பெரிய பாடு.

மாமிக்கு நேரடி விமானமே எடுத்தோம். நடைபாதை ஓர இருக்கை, முன்கூட்டியே சக்கர நாற்காலி, மணிக்கொருதரம் எழுந்து நடக்கச் சொல்லி நாலு முறை எச்சரிக்கை. கோடையில் அங்கே மணி நம்மைவிடப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால். விடியற்காலை நாலு மணிக்கு இங்கே ஏறி, பதினாலரை மணி நேரம் பறந்தால், அங்கே அன்றைக்கே காலை ஆறு மணி. "அப்போ ரெண்டு மணி நேரம்தானேடா!" என்றார் மாமி.