மே மாதத்தைப் பிடுங்கிக்கொள்ளும் கேஸ் பிரிட்ஜ்

டல்லாஸில் இருக்கும் தம்பி ஒருவர் போன் பண்ணிக் கேட்டார்: "அக்கா, ஆர்.வி. விலையெல்லாம் நல்லா இறங்கியிருக்கு. வாடகை வீட்டைக் காலி பண்ணிட்டு நாங்களும் அரிசோனா பக்கம் வந்துடலாம்னு பார்க்கிறோம். என்ன டிரெய்லர் வாங்கலாம்?"

ஆர்.வி. என்றால் சக்கரத்தில் ஓடும் வீடு, டிரெய்லர் என்பது அதில் காருக்குப் பின்னால் இழுத்துப்போகிற ரகம். கொரோனா காலத்து விலையோடு பார்த்தால் இறங்கியிருப்பது உண்மைதான். 2021-இல் அமெரிக்கத் தொழிற்சாலைகளிலிருந்து 6 லட்சம் ஆர்.வி.க்கள் வெளியே போயின. 2023-இல் அது 3 லட்சத்துச் சொச்சமாகச் சுருங்கிவிட்டது. அப்போது ஆசைப்பட்டு வாங்கியவர்களில் பலர் இப்போது விற்கிறார்கள். நீளம், எடை, டேங்க் அளவு, ஸ்லைடு-அவுட் (நிறுத்தியதும் வெளியே தள்ளி இடத்தைப் பெரிதாக்கும் பகுதி) எத்தனை என்பதெல்லாம் தம்பியே படித்து வைத்திருக்கிறார், அதற்குள் நான் போகவில்லை. நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு சாமானைப் பற்றி. பிரிட்ஜ்.

நானும் என் கணவரும் 25 அடி டிராவல் டிரெய்லரில் முழுநேரக் குடித்தனம் நடத்துகிறோம். வேலை லேப்டாப்பில், வீடு சக்கரத்தில். குளிர்காலம் முழுக்க அரிசோனாவின் குவார்ட்ஸைட் ஊருக்குத் தெற்கே, லா போஸா நெடுங்கால முகாமில் இருப்போம். மத்திய அரசின் பாலைநிலம் அது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஒரே பெர்மிட், நாங்கள் எடுத்தபோது 180 டாலர். தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம், கழிவுநீர் கொட்ட இடம் உண்டு, குப்பை போடலாம். கரண்ட் மட்டும் கிடையாது. கரண்ட் இல்லாத இடத்தில் உங்கள் பிரிட்ஜ் எந்த ரகம் என்பதுதான் உங்கள் சாப்பாட்டைத் தீர்மானிக்கும்.

எங்களுடையது கேஸ் பிரிட்ஜ். புரொப்பேன் கேஸில் ஒரு சின்ன நீலச் சுடர் எரியும், அந்தச் சூட்டில்தான் உள்ளே குளிரும். 1922-இல் ஸ்டாக்ஹோமில் பிளாட்டன், முன்டெர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்த முறை. அம்மோனியாவும் தண்ணீரும் ஹைட்ரஜனும் மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். சுடரின் சூட்டில் அம்மோனியா ஆவியாகி மேலே போகும், பின்பக்கக் குழாயில் ஆறித் திரவமாகும், ஹைட்ரஜனோடு சேர்ந்து மறுபடி ஆவியாகும்போது உள்ளிருக்கும் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், கடைசியில் தண்ணீரில் கரைந்து கீழே வந்துவிடும். குழாய்க்குள் மோட்டாரும் இல்லை, பம்பும் இல்லை. திரவம் தானாகக் கீழே வழிவதை நம்பித்தான் முழு வேலையும் நடக்கிறது. அதனால்தான் வண்டியை நிறுத்தியதும் இவர் முதலில் ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு ஓடுவார். சாய்வாக நின்று நெடுநேரம் ஓடினால் திரவம் ஒரு பக்கம் தேங்கி, கொதிகுழாய் காய்ந்து, துரு பிடிக்காமல் இருக்கக் கலந்திருக்கும் ரசாயனம் படிகமாகி அடைத்துக்கொள்ளும். அடைத்தால் அடைத்ததுதான்.

நியாயமாகப் பேச வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை இதைப்போல ஒரு பிரிட்ஜ் உலகத்தில் கிடையாது என்று சத்தியம் பண்ணிச் சொல்வேன். சத்தமே இல்லை. லா போஸாவில் பின்னிரவில் கயோட்டிகள் (ஓநாய் இனத்துச் சின்ன விலங்குகள்) கூட்டமாக ஊளையிட ஆரம்பித்தால் ஒவ்வொரு குரலும் தனித்தனியாகக் கேட்கும். ஆந்தை குரல் கொடுத்தால் அது எந்த இரும்புமரத்திலிருந்து வருகிறது என்று படுத்தபடியே சொல்லிவிடலாம். மேகம் மூடி மழை தூறும் நாட்களில் பக்கத்து வண்டிக்காரர்கள் காலையிலும் மாலையிலும் ஜெனரேட்டரைப் போட்டுக்கொண்டு பேட்டரியை நிரப்பப் பாடுபடுவார்கள். எங்களுக்கு அந்தக் கவலையே கிடையாது. 20 பவுண்டு சிலிண்டர் ஒன்று, பிரிட்ஜுக்கு மட்டும் என்றால், குளிர்காலத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் வரும். தயிர், பால், அரைத்த மாவு எல்லாம் அப்படியே நிற்கும். கோஃபா சரணாலயத்துப் பாம் கேன்யன் வரை போய், மலை இடுக்கில் தொற்றிக்கொண்டு வளரும் பனைகளை அண்ணாந்து பார்த்துவிட்டு, சாயங்காலம் திரும்பி வந்து கதவைத் திறந்தால் மோர் சில்லென்று இருக்கும். அந்த ஐந்து மாதமும் இதன் மேல் ஒரு குறை சொல்ல முடியாது.

ஏப்ரல் பிறந்ததும் ஆரம்பிக்கும் வினை.

எங்களுக்கு வெயில் புதிதில்லை. நான் வேலூர்க்காரி. 40 டிகிரியில் வேர்த்து விறுவிறுத்து வளர்ந்த உடம்புக்கு, காற்றில் ஈரமே இல்லாத இந்த ஊர் 38 டிகிரி பெரிய விஷயமில்லை. பொழுது சாய்ந்தால் சர்ரென்று இறங்கிவிடும், ராத்திரி போர்வை கேட்கும். மோர்மிளகாயைக் காலையில் பரப்பினால் மத்தியானத்துக்குள் கலகலவென்று காய்ந்துவிடும், ஒரு ஈ கூட உட்காராது. எங்களுக்குத் தாங்குகிற வெயில் பிரிட்ஜுக்குத் தாங்காது. காரணம் எளிது. அந்த அம்மோனியா பின்பக்கக் குழாயில் தன் சூட்டை வெளிக்காற்றில் விட்டால்தான் திரவமாகும். வெளிக்காற்றே கொதித்தால் சூட்டை எங்கே கொண்டுபோய் விடும்? அதிலும் எங்கள் பிரிட்ஜ் ஸ்லைடு-அவுட்டில் இருக்கிறது. கூரையில் புகைபோக்கி மாதிரி துவாரம் கிடையாது, பக்கச் சுவரில் மேலே ஒரு ஜன்னல், கீழே ஒரு ஜன்னல். எழும்புகிற சூடு மேல் ஜன்னலைத் தாண்டி உச்சியில் போய்த் தேங்கும். பிரிட்ஜ் செய்தவர்கள் பின்னால் எவ்வளவு இடைவெளி இருக்கலாம், காற்று எப்படி மேலே போக வேண்டும் என்று தெளிவாக எழுதித்தான் கொடுத்திருக்கிறார்கள். டிரெய்லர் செய்த இடத்தில் அதைப் படித்த ஆள் இருந்ததாகத் தெரியவில்லை. வேண்டியதைவிட அகலமாக இடைவெளி விட்டு, காற்றை மேலே திருப்பும் தடுப்புத் தகடு இல்லாமல், அப்படியே தூக்கி வைத்து மூடியிருக்கிறார்கள். ஏழெட்டு அடி மேலே வண்டிக்கு வெளியே கை வைத்துப் பார்த்தால் சுவர் அடுப்பு மாதிரி சுடும்.

அஹோ ஊர்ப் பக்கம் ஒரு மே மாத மத்தியானம் இன்னும் கண்ணில் நிற்கிறது. கீழ் ஜன்னலைக் கழற்றிப் பார்த்தேன். சுடர் நீலமாக, நேராக, ஒரு குறையுமில்லாமல் எரிகிறது. உள்ளே தெர்மாமீட்டர் 12 டிகிரி காட்டுகிறது. 4 டிகிரிக்கு மேல் போனால் பால் பாழ். மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்து கீழ்த்தட்டில் காய்ந்து போயிருந்தது. கொத்தமல்லி கறுத்துவிட்டது. கேஸும் எரிந்து தீர்கிறது, குளிரவும் இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அடுத்த நாள் காலையிலேயே மூட்டையைக் கட்டினோம்.

கோபம் பாலுக்காக மட்டும் இல்லை. நாங்கள் இருக்கும் இந்தச் சோனோரா பாலைவனம் தன் முழு அழகைக் காட்டுகிற மாதம் மே. பாலோ வெர்டே மரங்கள் ஏப்ரலிலேயே மஞ்சளாகக் கொட்டி முடித்திருக்கும். அடுத்தது சகுவாரோ. ஒரு கிளை விடுவதற்கே 50 வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிற அந்தக் கள்ளி, கிளை நுனியில் கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூவை விடும். ராத்திரி விரியும், மறுநாள் பிற்பகலில் மூடிவிடும். ஒரு பூவுக்கு ஆயுசு அவ்வளவுதான். பெரும்பாலும் நம் தலைக்கு எட்டாத உயரத்தில் இருக்கும். எங்கேயாவது உறைபனி பட்டு வளைந்து தொங்கும் கிளை கிடைத்தால் பக்கத்தில் நின்று உள்ளே பார்க்கலாம். மெழுகு தடவின மாதிரி தடித்த வெள்ளை இதழ்கள், நடுவே எண்ண முடியாத அளவு மஞ்சள் கேசரங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், கிர்ணிப்பழம் கனிந்த வாசனை. இரவில் வௌவால் வந்து குடித்துவிட்டுப் போகும். விடிந்ததும் வெள்ளைச் சிறகுப் புறா தலையை முழுசாக உள்ளே விட்டு, முகமெல்லாம் மகரந்தத்தோடு நிமிரும். அரிசோனாவின் மாநிலப் பூ இது. ஜூன் கடைசியில் பழுக்கும் இதன் பழத்தை நீளக் குச்சியால் பறித்துப் பாகு காய்ச்சுவது இந்தப் பாலைவனத்துப் பழங்குடிகளான தோஹோனோ ஓடம் மக்களின் தலைமுறை வழக்கம்.

நாங்கள் பாலைவனத்துக்கு வந்ததே இதற்காகத்தான். சரியாக இந்த நேரத்தில் பிரிட்ஜ் எங்களை ஊரைவிட்டுக் கிளப்புகிறது.

கிளம்பிப் போகிற இடத்திலாவது ஒழுங்காக இருக்குமா என்றால், அங்கே வேறு தொல்லை. கோடைக்கு எல்லாரும் மேலே ஏறுவார்கள். ஃப்ளாக்ஸ்டாஃப் ஏறத்தாழ 7,000 அடி, பாண்டரோசா பைன் காடு, நல்ல குளிர்ச்சி. ஆனால் 5,500 அடிக்கு மேலே போனால் கேஸில் ஓடும்போது சுடர் அணையலாம், கரண்டில் ஓட்டுங்கள் என்று பிரிட்ஜின் கையேடே சொல்கிறது. காற்று மெலிந்த இடம், சுடர் நிலையாக நிற்காது. காட்டில் கரண்டுக்கு எங்கே போவது? ராத்திரியில் சுடர் அணைந்து பிரிட்ஜில் சிவப்பு விளக்கு எரியும், இவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்குவார். கீழே சூடு ஆகாது, மேலே உயரம் ஆகாது.

கையில் இருந்த வைத்தியமெல்லாம் பார்த்தாகிவிட்டது. மேல் ஜன்னலில் இரண்டு 12 வோல்ட் மின்விசிறி வைத்துச் சூட்டை வெளியே தள்ளினோம். பின்னால் இருந்த அகல இடைவெளியைத் தகடு வெட்டிக் குறுக்கினோம். நிறுத்தும்போது பிரிட்ஜ் பக்கம் வடக்கே பார்க்கிற மாதிரி நிறுத்துகிறோம். புழுதியும் சிலந்திக்கூடும் துருச் செதிலும் பர்னரில் விழாமல் மாதம் ஒரு தடவை பிரஷ் போட்டுத் துடைக்கிறோம். பலன் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். 35 டிகிரி வரை சமாளிக்கிறது. மே மாதத்துக்கு அது போதாது.

போன கோடையில் குளிர்க்குழாய் ஓட்டை விட்டது. கதவைத் திறந்ததும் மூக்கைப் பிய்க்கும் அம்மோனியா வாடை, பின்னால் குழாய் மேல் மஞ்சள் பொடி, துரு பிடிக்காமல் கலந்திருக்கும் அந்த ரசாயனம்தான் வெளியே கசிந்து காய்ந்திருக்கிறது. மெக்கானிக் இரண்டு வழி சொன்னார்: இதே ரகத்தில் புதுக் குளிர்க்குழாய், அல்லது வீட்டுப் பிரிட்ஜ் மாதிரி மோட்டார் வைத்து, பேட்டரியில் ஓடும் 12 வோல்ட் கம்ப்ரஸர் பிரிட்ஜ். இவருக்கு லா போஸாவின் அமைதி மேல் ஆசை, பழைய ரகத்தையே போட்டோம். ஆயிரம் டாலருக்கு மேல் ஆனது. இந்தக் குளிர்காலம் முழுக்க அருமையாக ஓடியது. ஐஸ்கிரீம் கல்லாக நின்றது. மெக்கானிக்கின் கைவேலையில் ஒரு குறை இல்லை.

ஆனாலும் தம்பிக்கு நான் சொல்வது: கேஸ் பிரிட்ஜ் வேண்டாம். கம்ப்ரஸர் பிரிட்ஜ் இருக்கிற டிரெய்லராகப் பாருங்கள். நாள் ஒன்றுக்கு 50 முதல் 80 ஆம்பியர்-அவர் (பேட்டரிக் கரண்டை அளக்கும் கணக்கு) சாப்பிடும். 200 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரியும் கூரையில் 400 வாட் சோலாரும் இருந்தால் கவலையில்லை. டிசம்பரில் பொழுது குறுகி மேகம் கட்டினால் கொஞ்சம் இழுபறி இருக்கும், ராத்திரி மெல்லிய ரீங்காரமும் கேட்கும். ஆனால் மே மாதத்தில் எந்த வெயில் எங்கள் பிரிட்ஜைச் சாகடிக்கிறதோ, அதே வெயில் உங்கள் பேனலில் கரண்டாக இறங்கும். சகுவாரோ பூத்து முடிகிறவரை நீங்கள் தங்கலாம். ஐந்து மாத அமைதியைக் கொடுத்து அந்த ஒரு மாதத்தை வாங்க நான் தயார். இவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

விலை மலிவு என்று கேஸ் பிரிட்ஜ் வண்டியே கண்ணில் பட்டால், பணம் கொடுக்கும் முன் கீழ் ஜன்னலைக் கழற்றி மஞ்சள் பொடி இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே தலையை விட்டு முகர்ந்து பாருங்கள். வண்டி சமமாக நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, கேஸில் மட்டும் ஒரு முழு நாள் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதுவும் மத்தியான வெயிலில். விற்கிறவர் சாக்குச் சொன்னால் அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விடுங்கள்.