ஷெட்லாந்தா, ஃபேர் ஐலா?

செப்டம்பர் கடைசியில் காற்று தென்கிழக்கிலிருந்து அடிக்க ஆரம்பித்துவிட்டால், பிரிட்டனில் இருக்கிற பறவைப் பைத்தியங்களுக்கு வேலை ஓடாது. சைபீரியாவிலிருந்து தெற்கே போக வேண்டிய குருவிகளில் சில திசை தப்பி, வட கடலைத் தாண்டி, ஸ்காட்லாந்தின் வடகோடித் தீவுகளில் வந்து விழும் நேரம் அது. கையில் ஒரு வார லீவு. ஷெட்லாந்தின் பெரிய தீவுக்குப் போவதா, அதற்கும் ஆர்க்னி தீவுகளுக்கும் நடுவே தனியாகக் கிடக்கும் ஃபேர் ஐலுக்கா? இரண்டிலும் இருந்து பார்த்தவன் என்கிற தைரியத்தில் சொல்கிறேன்.

போய்ச் சேர ஷெட்லாந்துதான் சுலபம். அபர்டீனில் சாயங்காலம் கப்பல் ஏறினால் விடிந்ததும் ஷெட்லாந்தின் லெர்விக் துறைமுகம், காரையும் ஏற்றிக்கொள்ளலாம். ஃபேர் ஐலுக்கு ஒரு குட்டி விமானம், இல்லாவிட்டால் வயிற்றைக் கலக்கும் இரண்டரை மணி நேரப் படகு. விமானத்தில் அரை மணிகூட ஆகாது, பறந்தால். மூடுபனியில் நான் இரண்டு நாள் மாட்டிக்கொண்டேன். வேடிக்கை என்னவென்றால், விமானத்தை நிறுத்துகிற அதே பனியும் தூறலும்தான் பறவைகளைத் தரையில் இறக்குகின்றன.

ஷெட்லாந்தில் மரம் அபூர்வம். ஒரு வீட்டுத் தோட்டத்தில் காற்றில் வளைந்த நாலு சிக்கமோர் நின்றால் அதுதான் காடு. தோட்டம் தோட்டமாகக் காரில் போய் எட்டிப் பார்க்க வேண்டும். நடுவில் எங்கோ அபூர்வப் பறவை வந்திருப்பதாகப் போனில் சேதி வரும், எல்லாரும் வண்டியைத் திருப்புவார்கள். 2016 அக்டோபரில் பிரிட்டனுக்கே முதல் சைபீரியன் அக்சென்டர் என்ற குருவி வந்து உட்கார்ந்தது இங்கேதான். ஆனால் அரை நாள் ஸ்டியரிங்கிலேயே போய்விடும். அன்ஸ்ட் தீவில் ஏதாவது வந்துவிட்டால் இரண்டு படகு மாற வேண்டும்.

ஃபேர் ஐல் சுமார் ஐந்து கிலோமீட்டர் நீளம், அதில் பாதி அகலம். எல்லாம் நடைதான். ஜார்ஜ் வாட்டர்ஸ்டன் 1948இல் தொடங்கிய பறவை ஆய்வகம் 2019இல் தீயில் எரிந்துபோய், புதிதாக எழுந்திருக்கிறது. ராத்திரி அங்கே உட்கார்ந்து அன்றைய பறவைக் கணக்கைப் படிப்பது ஒரு தனி சுகம். ஒரு வாய்க்கால் ஓரத்தில் லான்ஸியோலேட்டட் வார்ப்ளர் என்ற குட்டிக் குருவி ஒன்று எலிக்குஞ்சு மாதிரி புல்லுக்கடியில் ஊர்ந்து வந்து, என் பூட்ஸைச் சுற்றிக்கொண்டு போனது. பைனாகுலர் கழுத்தில் சும்மா தொங்கியது. அவ்வளவு கிட்டத்தில் அது எதற்கு?

மறுநாள் வேலிக் கம்பியடியில் ஒரு பழுப்புக் குருவிக்காகப் பத்துப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிளைத் நாணல் கதிர்க்குருவி! பனிக்காலம் முழுக்க நம் ஊர்ப் புதருக்குள் 'டக், டக்' என்று சத்தம் போடுகிற அதே ஆள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஆர்க்னியின் நார்த் ரொனால்ட்சேயிலும் பறவை ஆய்வகம் உண்டு, கடற்பாசி தின்னும் ஆடுகளும் உண்டு. நான் போனதில்லை, அதனால் ஒதுக்கிவிடுகிறேன்.

காற்று மேற்கிலிருந்து அடிக்க ஆரம்பித்து, புதுப் பறவை வராவிட்டால் ஃபேர் ஐலில் பார்த்த வாய்க்காலையே மறுபடி பார்க்க வேண்டியதுதான். ஷெட்லாந்தில் கடற்கரையோரம் நீர்நாயாவது தேடலாம். அதனால் முதல் தடவை போகிறவர்கள், கூட ஒரு ஆளையும் காரையும் சேர்த்துக்கொண்டு ஷெட்லாந்துக்கே போங்கள். என்னைக் கேட்டால் அடுத்த வருஷமும் ஃபேர் ஐல்தான். இந்த முறை லீவில் இரண்டு நாள் கூடுதலாகக் கேட்டு வைத்திருக்கிறேன்.