எரிகிற பாமும் எரியாத ஜெல்லும்

என் பாட்மிண்டன் பையில் எப்போதும் மூன்று வலி மருந்துகள் கிடக்கும். ஒரு சூடேற்றும் பாம், ஒரு டைக்ளோஃபினாக் ஜெல், அப்புறம் ஒரு குளிர் ஸ்ப்ரே. மூன்றும் வலிக்குத்தானே என்று கைக்கு அகப்பட்டதை எடுத்துத் தேய்க்கிறவர்களைக் கோர்ட்டில் தினமும் பார்க்கிறேன். இவை மூன்றும் ஒன்றல்ல. பல வருடமாக இவற்றைப் பயன்படுத்துகிறவன் என்ற முறையில் ஒவ்வொன்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பாம். மெந்தால், கற்பூரம், மெத்தில் சாலிசிலேட் இந்த மூன்றும்தான் பெரும்பாலான பாம்களின் அடிப்படை. மெந்தால் பட்டதும் குளுகுளுவென்று இருக்கிறது, ஆனால் தோலின் சூடு உண்மையில் குறைந்திருக்காது. குளிரை உணரும் நரம்பு முனைகளை மெந்தால் தூண்டிவிடுகிறது, அவ்வளவுதான். இந்தப் புது உணர்ச்சி தண்டுவடத்தை எட்டும்போது வலிச் செய்தி கொஞ்சம் அமுங்கிப்போகிறது. மெல்சாக், வால் என்ற இரண்டு வலி ஆராய்ச்சியாளர்கள் 1965-ல் சொன்ன வாயில் கோட்பாடு இதைத்தான் விளக்குகிறது. முழங்காலை எங்காவது இடித்துக்கொண்டால் உடனே அந்த இடத்தைத் தேய்க்கிறோமே, அதே கணக்கு.

அதனால் பாம் பயன் இல்லாதது என்று சொல்ல வரவில்லை. நீண்ட ஆட்டத்துக்கு மறுநாள் காலை கெண்டைக்கால் கல் மாதிரி இறுகிக் கிடக்கும். மாடிப்படி இறங்கும்போதுதான் அதன் முழு வேதனையும் தெரியும். அந்த வலிக்கு பாம் அருமையானது. குளித்து, ஈரம் போகத் துடைத்து, உடம்புச் சூடு தணிந்த பிறகு, விரல் நுனியில் கொஞ்சமாக எடுத்துக் குதிகாலுக்கு மேலிருந்து முழங்கால் பக்கமாக மெதுவாக நீவுவேன். பாதி சுகம் அந்த நீவலில் இருக்கிறது. ஒரு மணி நேரம் போலத் தாங்கும், அப்புறம் இறுக்கம் திரும்பிவரும். அதற்குள் கொஞ்ச தூரம் நடந்துவிட்டால் கால் தானாகவே இளகிவிடும்.

வியர்வையோடு பாம் தடவினால் எரிச்சல் இரண்டு மடங்காகும். தடவிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணைத் துடைத்தால் அன்றைய ஆட்டம் போச்சு. பாம் தடவிய இடத்தில் இறுக்கிக் கட்டுப் போடுவதும், வெந்நீர்ப் பை வைப்பதும் கூடவே கூடாது. இத்தகைய பூச்சுகளால் தோலில் தீக்காயமே ஏற்பட்டிருக்கிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012-ல் எச்சரித்தது. இன்னொன்று, மெத்தில் சாலிசிலேட் ஆஸ்பிரினுக்கு உறவு. உடம்பு முழுக்கப் பூசினால் ரத்தத்தில் கணிசமாகச் சேரும். வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

இப்போது ஜெல். என் ஓட்டு இதற்குத்தான். தடவினால் எரியாது, பெரிதாக மணக்காது, ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். அதனால்தான் பலர் இரண்டு நாளில் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அது நியாயமில்லை. பாம் வலியிலிருந்து கவனத்தைத் திருப்புகிறது, ஜெல் தோலுக்கு அடியில் இறங்கி வீக்கத்தைக் கிளப்பும் ரசாயனங்களின் உற்பத்தியையே குறைக்கிறது. அதற்கு நேரம் பிடிக்கும். பேக்ஹேண்ட் அடித்து அடித்து முழங்கையின் வெளிப்பக்கம் நோகும்போதும், கணுக்கால் லேசாகப் பிசகும்போதும் எனக்குக் கைகொடுப்பது இதுதான். அட்டையில் போட்டிருக்கிற அளவுப்படி தினமும் மூன்று நான்கு முறை விடாமல் தடவ வேண்டும். வலிக்கிறபோது மட்டும் தடவினால் பலன் தெரியாது.

இது வெறும் என் அனுபவம் இல்லை. சுளுக்கு, தசைப்பிசகு போன்ற புது வலிகளுக்கான பூச்சு மருந்துகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 2015-ல் அலசியது. ஒரு வகை டைக்ளோஃபினாக் ஜெல் தடவியவர்களில் 78 சதவீதம் பேருக்கு ஒரு வாரத்துக்குள் நல்ல நிவாரணம், மருந்தில்லாத ஜெல் தடவியவர்களில் 20 சதவீதம் பேருக்கு. மாத்திரையாக விழுங்குவதோடு ஒப்பிட்டால் ரத்தத்தில் சேருவது மிகக் கொஞ்சம் என்பதால் வயிற்றுக்கும் தொல்லை குறைவு. ஆனாலும் ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் கேட்டுவிட்டுத்தான் தடவ வேண்டும். சிராய்ப்பு, வெட்டுக்காயத்தின் மேல் எதையும் பூசக் கூடாது.

ஸ்ப்ரே பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆட்டத்தின் நடுவே பந்தோ ராக்கெட்டோ பட்டால் சில நிமிடம் மரத்துப்போக வைக்கும். தோலுக்கு மிக அருகில் பிடித்து அடித்தால் புண்ணாகும்.

கணுக்கால் பிசகிய அன்றைக்கு மட்டும் பாம் டப்பாவைத் திறக்காதீர்கள். புது வீக்கத்தில் சூடேற்றித் தேய்ப்பது வீக்கத்தைக் கூட்டத்தான் செய்யும். முதலில் கணுக்காலின் இரண்டு பக்கமும் புடைத்திருக்கும் எலும்பை, நுனியிலும் பின் விளிம்பிலும் விரலால் அழுத்திப் பாருங்கள். அங்கே அழுத்தும்போது வலித்தாலோ, அந்தக் காலை ஊன்றி நான்கு அடி வைக்க முடியாவிட்டாலோ எலும்பு முறிந்திருக்கலாம். கனடாவில் 1992-ல் உருவான ஒட்டாவா விதிகள் இவை. அவசரப் பிரிவு மருத்துவர்கள் இன்றும் இதை வைத்துத்தான் எக்ஸ்ரே தேவையா என்று முடிவு செய்கிறார்கள். இரண்டில் எது இருந்தாலும் ஜெல், பாம் எல்லாம் அப்புறம், முதலில் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.